பாணன் வளைக்காத கொம்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

புறநானூறு 242, குடவாயிற் கீரத்தனார் பாட்டு. முல்லை கற்பின் குறியீடு என்கிறார் எங்கள் பேராசிரியர். நம்பிக்கையின் குறியீடு என்கிறது கையேடு. யாழ் கலை, வேல் வீரம் என்று நானும் பட்டியல் போட்டிருக்கிறேன். எது சரி? பாவகை நிலைமண்டில ஆசிரியப்பாதானே?
க.

அன்புள்ள க.,

பாவகை சரி, ஆறடியும் நாற்சீர். பேராசிரியருக்கும் கையேட்டுக்குமான வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பாட்டை வாய்விட்டுப் படியுங்கள்:

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேல் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே

சாத்தன் செத்த பிறகு யாரும் பூச்சூடவில்லை, முல்லையே, ஒல்லையூர் நாட்டில் நீயும் பூக்கிறாயோ என்று கேட்கிறது பாட்டு. இரங்கற்பாட்டுக்குப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள், அதில் செத்தவனையே காணோமே! குறியீடு என்று எதைச் சொன்னாலும் அதை அந்தச் சொல்லின் இடத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். ‘கற்பும் பூத்தியோ’. சகிக்கிறதா? அகப்பாட்டில் முல்லை பூத்தால் கார் வந்துவிட்டது, போருக்குப் போனவன் திரும்பும் காலம். அந்த நினைவு இங்கே உறுத்தும், சாத்தன் திரும்ப மாட்டான் என்பதால். அதற்கு மேல் இழுக்காதீர்கள். இது புறம், திணை பொதுவியல், துறை கையறுநிலை, அதாவது இறந்தவனை நினைத்துச் செயலற்று வருந்துவது.

பென்சிலை எடுத்து வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். சூடார், கொய்யார், சூடான், அணியாள். நான்கும் எதிர்மறை. ஐந்தாவது, பூத்தி. பாட்டிலேயே உடன்பாட்டு வினைமுற்று அது ஒன்றுதான், அதுவும் பூவினுடையது. ஊரே கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அது மட்டும் வேலையைப் பார்க்கிறது. கோபம் அங்கிருந்து வருகிறது. எதைச் சூடவில்லை என்பதையும் கவிஞர் கடைசி அடிவரை சொல்லவில்லை. ஏன் சூடவில்லை என்பது ஐந்தாம் அடியில்தான் தெரிகிறது. அங்கும் சாவுக்கு ஒரு வினைமுற்றுகூடக் கிடையாது, ‘மாய்ந்த’ என்று ஒரு பெயரெச்சம், அவ்வளவுதான்.

இனி யாழ். கலையாவது ஒன்றாவது! அது இங்கே துறட்டி. யாழின் மருப்பை, அதாவது அதன் வளைந்த தண்டுப் பகுதியை, முல்லைக் கொம்பில் மாட்டி, ஒடிந்துவிடாமல் மெல்லத் தாழ்த்திப் பூப்பறிப்பான் பாணன். இளையோருக்கும், வளையணிந்த பெண்களான வளையோருக்கும் இரண்டிரண்டு சொல்லோடு முடிந்தது. பாணனுக்கு மட்டும் ஓர் அடி முழுக்கச் செலவாகிறது. கொம்பு தாழ்வதை நாம் பார்த்துவிடுகிறோம். அடுத்த அடியில் ‘சூடான்’. காட்டிய காட்சியை அப்படியே பிடுங்கிக்கொள்கிறார். பாணனுக்கு ஏன் இந்தச் சலுகை? புரவலன் போனால் முதலில் அடுப்பு அணைவது அவன் வீட்டில்தான். ‘மெல்ல’ என்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள். செய்தி குறையாது, பாட்டு செத்துவிடும். முன்பு எத்தனையோ முறை பறித்துப் பழகிய கை என்பதை அந்த ஒரு சொல்தான் சொல்கிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு ‘யாழ் = கலை’ என்று சமன்பாடு போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்குப் பழக்கப்பட்ட கண். நல்ல கண்தான், இல்லாவிட்டால் இந்தப் பாட்டைத் தேடி எழுதியிருக்க மாட்டீர்கள்.

பூவிடம் பேசுவது என்ன உத்தி என்று கேட்டால், அஃறிணையைக் ‘கேட்குந போலவும்’ சொல்லலாம் என்ற நன்னூல் நூற்பாவை எழுதுங்கள், போதும். விடையை இரண்டாம் அடியில் தொடங்குங்கள். அடுத்து வினைமுற்றுகள். முல்லை கடைசிப் பத்தியில் வரட்டும். பேராசிரியருக்காகக் கற்பு வேண்டுமென்றால் அங்கே ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள்.