விசிறி ஓய்ந்தும் குறையாத மின்கட்டணம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓகஸ்ட் மாதத்தில் கச்சான் காற்றின் வெக்கை தாங்காமல் எங்கள் வீட்டின் மூன்று அறைகளிலும் இரவு முழுவதும் மின்விசிறி சுழன்றது. அந்த மாத மின்பட்டியலில் 112 அலகுகள். டிசம்பரில் மழையும் வாடையும் வந்த பின்னர் விசிறிகளைத் தொடவே இல்லை. நான்கு பேரும் குளிப்பதற்கு மட்டும் குளியலறை ஹீட்டரைப் போட்டுக்கொள்கிறோம். ஆனாலும் 128 அலகுகள் என்று பட்டியல் வந்திருக்கிறது. மானியில் பழுது இருக்குமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: மானியைச் சந்தேகிப்பதற்கு முன்னர், நீங்கள் அனுப்பியுள்ள இரண்டு பட்டியல்களிலும் அலகுக்குப் பக்கத்தில் இருக்கும் திகதிகளைப் பாருங்கள், சகோதரி. ஓகஸ்ட் பட்டியல் 29 நாள்களுக்கானது. டிசம்பர் பட்டியல் 34 நாள்களுக்கானது. மழைக்காலத்தில் மானி வாசிக்க வருபவர் சில நாள்கள் பிந்துவது புதினமல்ல. நாளொன்றுக்கு என்று வகுத்துப் பார்த்தால் ஓகஸ்டில் 3.86 அலகும் டிசம்பரில் 3.76 அலகும் வருகின்றன. ஆகவே உங்கள் பாவனை கூடவில்லை, சிறிதளவு குறைந்திருக்கிறது. கட்டணப் படிகளும் (பாவனை கூடக்கூட அலகின் விலை ஏறும் எல்லைகள்) நாள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே கணிக்கப்படுகின்றன என்பதால், 34 நாள் பட்டியலில் முதற்படி 60 அலகுடன் நிற்காமல் 68 வரை நீளும். வாசிப்புப் பிந்தியதால் மட்டும் நீங்கள் அடுத்த படிக்குத் தள்ளப்படுவதில்லை.

ஆனால் மூன்று விசிறிகளை நிறுத்திய பின்னரும் ஏன் இவ்வளவு அற்பமாகக் குறைந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. சாதாரணக் கூரை விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் மின்சாரத்தை எடுக்கும். மூன்று விசிறிகள் இரவில் ஒன்பது மணித்தியாலம் சுழன்றால் ஏறத்தாழ இரண்டு அலகு செலவாகும் (ஓர் அலகு என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 1,000 வாட் ஒரு மணித்தியாலம்). அந்த இரண்டு அலகையும் டிசம்பரில் மிச்சம் பிடித்தீர்கள். மிச்சம் பிடித்ததை ஹீட்டர் வாங்கிக்கொண்டது. தண்ணீரைச் சேமித்து வைக்காமல் ஓடும்போதே சூடாக்கும் ஹீட்டர்களில் 3,500 வாட் என்பது வழமையான அளவு. ஒருவர் எட்டு நிமிடம் குளித்தால் 0.47 அலகு; நால்வருக்கு நாளொன்றுக்கு 1.87 அலகு. கழித்துப் பாருங்கள், கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. குளியலறையில் சில நிமிடங்களே எரியும் பொருள் என்பதால் ஹீட்டரை யாரும் பொருட்படுத்துவதில்லை; ஆனால் எரியும் அந்தச் சில நிமிடங்களில் அது நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட விசிறிகளுக்குச் சமமாக இழுக்கிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். 2025 ஜூன் நடுப்பகுதியில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த வீட்டுப் பாவனைக் கட்டணத்தின்படி, மாதம் 60 அலகைத் தாண்டும் வீடுகளுக்கு முதல் 60 அலகுக்கு அலகொன்று 12.75 ரூபா, 61 முதல் 90 வரை 18.50 ரூபா, 91 முதல் 120 வரை 24 ரூபா, 121 முதல் 180 வரை 41 ரூபா, அதற்கு மேல் 61 ரூபா. இவற்றுடன் நிலையான கட்டணமும் படிப்படியாக 400, 1,000, 1,500, 2,100 ரூபா என ஏறுகிறது. நாளொன்றுக்கு 3.76 அலகு என்ற உங்கள் பாவனையை 30 நாளுக்கு மாற்றினால் 113 அலகு. வரி நீங்கலாக 2,872 ரூபா. எட்டு நிமிடக் குளியலை நான்கு நிமிடமாக்கினால் நாளொன்றுக்கு 0.93 அலகு குறைந்து மாதப் பாவனை 85 அலகுக்கு வரும், கட்டணம் 1,627.50 ரூபா. 28 அலகு குறைந்ததற்கு 1,244 ரூபாவுக்கு மேல் குறைவதன் காரணம், அந்த அலகுகளுடன் நிலையான கட்டணமும் 1,000 ரூபாவிலிருந்து 400 ரூபாவுக்கு இறங்குவதே.

நீண்ட குளியலை விட மனமில்லாதவர்கள் கேத்தலில் மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வாளியில் பதினைந்து லீற்றர் பச்சைத் தண்ணீருடன் கலந்துகொள்ளலாம். உடம்புச் சூட்டுக்கு நெருங்கிய பதினெட்டு லீற்றர் நீர், கால் அலகுக்குச் சற்று அதிகமான மின்சாரத்தில் கிடைத்துவிடும். (கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை.)

கேள்வி: எங்களுடைய ஜனவரிப் பட்டியல் 63 அலகு, கட்டணம் 1,220 ரூபாவுக்கு மேல். அடுத்த வீட்டில் 58 அலகு, அவர்களுக்கு 569 ரூபா. இரண்டுமே 30 நாள் பட்டியல்கள்தாம். ஐந்து அலகுக்கு 650 ரூபாவா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வரியைத் தவிர்த்துப் பார்த்தால் இரண்டு தொகையும் சரியே. அதே 2025 ஜூன் கட்டணத்தில், மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீடுகளுக்கு வேறொரு கட்டண வரிசை உண்டு: முதல் 30 அலகு 4.50 ரூபா, அடுத்த 30 அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 31 முதல் 60 வரையிலான படிக்கு 210 ரூபா. அறுபதைத் தாண்டிய கணத்தில் மேலதிகமான மூன்று அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதலாவது அலகிலிருந்தே 12.75 ரூபா என்று கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. அதனால் உங்கள் 63 அலகில் முதல் 60 அலகுக்கே 765 ரூபா போய்விட்டது.

குறைந்த பாவனையுள்ள வீடுகளுக்குச் சலுகை கொடுக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரேயொரு அலகில் கட்டணத்தை இரட்டிப்பாக்கும் எல்லைக்கோட்டை நியாயமானதென்று என்னால் சொல்ல முடியாது. விதி அதுவாக இருக்கும் வரை, உங்களைப் போன்ற வீடுகளுக்கு நினைவில் வைக்கவேண்டிய எண் நாளொன்றுக்கு இரண்டு அலகு. மாத நடுவில், கடந்த வாசிப்புத் திகதியிலிருந்து பதினைந்தாம் நாளன்று, மானியை நீங்களே வாசியுங்கள். கடந்த வாசிப்பைக் கழித்தபின் முப்பதைத் தாண்டியிருந்தால் எஞ்சிய நாள்களில் சரிசெய்ய அவகாசம் இருக்கிறது. 1,000 வாட் மின்னழுத்தியை ஒரு மணித்தியாலம் பாவித்தால் ஏறத்தாழ ஒரு அலகு வரை போகும் என்பதால், மூன்று அலகைக் குறைப்பது பெரிய தவமன்று.

கேள்வி: தங்கை ரொறன்ரோவில், தம்பி லண்டனில், மைத்துனர் நோர்வேயில். பனிக்காலம் வந்தால் யாருடைய மின்செலவு அதிகம் என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் தினமும் வாக்குவாதம். எப்படி ஒப்பிடுவது?
– வாசகர், திருகோணமலை நகரம்

பதில்: பவுணையும் டொலரையும் குரோனரையும் ரூபாவாக்கி ஒப்பிட்டால் வாக்குவாதம் இன்னும் நீளும். ஊதியமும் விலைவாசியும் வெவ்வேறாக இருக்கும்போது அந்தத் தொகை எதையும் சொல்லாது. அலகைக் கேளுங்கள், வீட்டைச் சூடாக்குவது எது என்றும் கேளுங்கள். பிரித்தானியாவின் மின்சார, எரிவாயுச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்ஜெம், 2023 இல் நடுத்தரப் பாவனையுள்ள வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 2,700 அலகு மின்சாரத்தையும் 11,500 அலகு எரிவாயுவையும் கணக்கில் கொண்டது. அங்கே எரிவாயுவையும் கிலோவாட் மணியில்தான் கணக்கிடுகிறார்கள். ஆகவே தம்பியின் வீடு பெரும்பாலான வீடுகளைப் போல எரிவாயுவால் சூடேறுமானால், அவருடைய மின்பட்டியலை மட்டும் பார்த்துப் பனிக்காலச் செலவை மதிப்பிட முடியாது.

நோர்வேயில் நிலைமை நேர்மாறு. நீர்மின் வளம் மிகுந்த அந்நாட்டில் வீடுகளைச் சூடாக்குவதும் பெரும்பாலும் மின்சாரமே என்பதால், மைத்துனரின் அலகுகள் பனிக்காலத்தில் மலைபோல் ஏறுவது இயல்பு. தங்கையின் ரொறன்ரோ அமைந்த ஒன்ராறியோ மாகாணத்தில் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்துகொள்கிறது. நேரத்துக்கேற்ற கட்டண முறையில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வாரநாள்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் உச்ச விலை. கோடையில் அது பகல் 11 முதல் மாலை 5 வரை என்று மாறிவிடுகிறது. குளிரில் மக்கள் எழும்பும் நேரமும் வீடு திரும்பும் நேரமும் சுமை கூடுகின்றன. கோடையில் நடுப்பகலில் குளிரூட்டிகள் அந்தச் சுமையை ஏற்றுகின்றன. தங்கை சலவை இயந்திரத்தை இரவு ஏழுக்குப் பின்னர் போடுகிறாரா என்று விசாரித்துப் பாருங்கள்.

அவர்களுடைய பட்டியலுக்கும் நம்முடையதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, நம் மார்கழி அதிகாலையிலும் வெப்பநிலை 23, 24 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது என்பது. வீட்டைச் சூடாக்கவேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆகவே திருகோணமலையில் மின்சாரம் அதிகம் வேண்டப்படும் காலம் மே முதல் செப்டெம்பர் வரையிலான கச்சான் காலமே. உங்கள் வீட்டின் மாரிகால அலகை லண்டனோடு ஒப்பிடுவதைவிட உங்களுடைய சொந்த ஓகஸ்ட் பட்டியலோடு ஒப்பிடுவதே பயனுள்ளது.

கேள்வி: மழைக்குளிரில் இரவு வேளைகளில் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவைத்தால் மிச்சம் பிடிக்கலாமா?
– வாசகி, மூதூர்

பதில்: வேண்டாம். வெளியே வெப்பம் குறைந்தால் பெட்டியின் இயந்திரம் தானாகவே குறைந்த நேரம் ஓடும். இரவில் நிறுத்தினால் உள்ளே ஏறிய சூட்டைக் காலையில் வெளியேற்ற அது நெடுநேரம் ஓடவேண்டும். மீனும் பாலும் பழுதாகும். உள்ளே இருக்கும், குளிரின் அளவை மாற்றும் திருகியை, கோடையில் 4 ஆம் எண்ணில் வைத்திருந்தால் இப்போது 2 அல்லது 3 இற்குக் குறையுங்கள். கதவின் இறப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி, தாளை இழுத்துப் பாருங்கள்; தடையின்றி வந்தால் குளிர் அந்த வழியால் போகிறது, இறப்பரை மாற்றவேண்டும்.