வாரும் பித்தளையும்: குதிரைப்படை அதிகாரிகளின் சாமான்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில், தோளின் குறுக்கே போகும் வாருடன் ஒரு பழுப்பு பெல்ட் கிடைத்தது. ‘சாம் பிரவுன்’ பெல்ட் என்கிறார்கள். குறுக்கு வார் அழகுக்கா?

பதில்: அழகெல்லாம் பிறகு சேர்ந்தது. சாமுவேல் பிரவுன், பஞ்சாப் குதிரைப்படை அதிகாரி. 1858 ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் அருகே சீர்போராவில், கிளர்ச்சிப் படையின் பீரங்கி ஒன்றின்மேல் பாய்ந்தபோது விழுந்த வாள்வெட்டில் அவருடைய இடது கை தோளோடு போயிற்று. இதற்காகத்தான் அவருக்கு விக்டோரியா சிலுவை, ஆங்கிலேயப் படையின் உச்ச வீர விருது. வாள் தொங்குவது இடுப்பின் இடது பக்கம். வலது கை வாளை உருவும்போது இடது கை உறையின் வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கக் கை இல்லாவிட்டால் உறையும் வாளோடு மேலே கிளம்பும். நடந்தால் காலில் இடிக்கும். அதனால் உறையை ஒரு தோல் கூட்டுக்குள் இறுகப் பொருத்தி, அதன் கனத்தை ஒரு வாரால் வலது தோளில் ஏற்றினார். இரண்டு கையும் உள்ளவர்கள் வசதியைப் பார்த்து அதையே அணியத் தொடங்கினார்கள். நம் படை அதிகாரிகளின் கிராஸ் பெல்ட் அதன் வாரிசுதான்.

கேள்வி: பக்கிளைச் சுற்றித் தோலில் பச்சையாக மெழுகு போல் கட்டியிருக்கிறது. பூஞ்சையா?

பதில்: களிம்பு. தோலுக்கு ஊட்டிய கொழுப்பிலுள்ள அமிலம், பித்தளையிலுள்ள செம்பைத் தின்பதால் வருவது. மூங்கில் குச்சியைச் சீவி மெல்லச் சுரண்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். மேலும் எண்ணெய் தடவினால் களிம்புக்குத்தான் தீனி. ஆனால் பக்கிளைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். சிப்பாயின் பக்கிள் வெறும் பித்தளை. அதிகாரியுடையது பெரும்பாலும் பொன் முலாம் பூசியது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடுவார்கள். நூறு வருட அழுக்குக்கு அடியில் அது மங்கிய பித்தளை போலத்தான் தெரியும்.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: விலை சொல்வதில்லை.

கேள்வி: மார்பு வாரில் சங்கிலியில் கோத்த இரண்டு வெள்ளி ஊசிகள் எதற்கு?

பதில்: பழைய துப்பாக்கியில் மருந்துக்குத் தீ போகும் துளை கரி அடைத்துக்கொள்ளும். அதைக் குத்தி எடுக்க ஊசி. துப்பாக்கி மாறியது, துளை போயிற்று, ஊசி மட்டும் அலங்காரமாக வாரிலேயே தங்கிவிட்டது.

கேள்வி: பித்தளையைப் பளபளப்பாக்க எந்தப் பாலிஷ் நல்லது?

பதில்: பக்கிள் பற்றி மேலே சொன்னேன். தேய்க்காதீர்கள்.

கேள்வி: அம்மா ஐம்பது வருடமாகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தான் விளக்குகிறார். அது என்ன கெட்டா போய்விட்டது?

பதில்: குத்துவிளக்கில் தையல் கிடையாது, தோல் கிடையாது, முலாமும் கிடையாது. பெல்ட்டில் புளித்தண்ணீர் தையல் துளை வழியே இறங்கி உள்ளேயே தங்கிவிடும். கூடவே தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் முலாம் துணியோடு வந்துவிடும்.

கேள்வி: ஆம்பூர்க்காரன் கேட்கிறேன். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி வந்த தோலுக்குப் புளி ஒரு பொருட்டா?

பதில்: கேள்வி என்றால் இது கேள்வி! பட்டையில் இருப்பது துவர்ப்பு. புளியில் இருப்பது புளிப்பு. துவர்ப்பு தோலின் நாரோடு நாராகப் பின்னி அதை அழுகவிடாமல் பிடித்துக்கொள்ளும். புளிப்பு அந்தப் பின்னலை நாளடைவில் அறுக்கும். சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக இங்கிலாந்து போனது. கான்பூரில் சேணம் தைத்தவர்களுக்குக் கருவேலம்பட்டை. பழைய தோல் சிவப்புப் பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். நகரத்துப் புகையிலுள்ள கந்தகம் தோலுக்குள் அமிலமாகி வருஷக்கணக்கில் செய்த வேலை அது. அந்த வேலையை நாமே ஏன் கிண்ணத்தில் கரைத்து ஊற்ற வேண்டும்?

கேள்வி: அப்படியானால் எலுமிச்சை?

பதில்: அதுவும் புளிப்புதான் ஐயா.

கேள்வி: பக்கிளில் ‘வி.ஆர்.ஐ.’ என்று பொறித்திருக்கிறது. 1857 கலகக் காலத்ததாக இருக்குமா?

பதில்: இருக்காது. ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா ராணி. ‘ஐ’ என்பது பேரரசி என்ற பட்டம். டில்லி தர்பாரில் அது பறைசாற்றப்பட்டது 1877 ஜனவரி 1 அன்று. ‘வி.ஆர்.’ என்று மட்டும் இருந்தால் பழையதாக இருக்க வாய்ப்புண்டு. பின்பக்கத்தையும் பாருங்கள்: அச்சில் அடித்த சின்னத்துக்குப் பின்னால் அதே உருவம் குழிவாகத் தெரியும். மணல் மணலாகச் சொரசொரப்பாக இருந்தால் பிற்காலத்தில் வார்த்த போலி என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: உங்கள் பதிலைப் படிக்கும் முன்பே, நேற்று புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பக்கிள் இளஞ்சிவப்பாகிவிட்டதே?

பதில்: அது செம்பின் நிறம். மேற்பரப்பிலிருந்த துத்தநாகத்தை அமிலம் அரித்துவிட்டது. தண்ணீரில் நனைத்த துணியை நன்றாகப் பிழிந்து, பக்கிளை மட்டும் துடையுங்கள். தோல் நனையக் கூடாது. பிறகு நிழலில் உலரவிடுங்கள். மறுபடி மஞ்சளாக்கலாம் என்று தேய்க்காதீர்கள்.