அக்கா என்றே கூப்பிடட்டும்

கேள்வி: எனக்கு 23 வயது. ஒரு மகளிர் கல்லூரியில் கூடைப்பந்து கோச்சாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மாணவிகள் 'அக்கா, அக்கா' என்று ஒட்டிக்கொள்கிறார்கள். ஆனால் பிராக்டிஸுக்கு நேரத்துக்கு வருவதில்லை. ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஜெர்ஸிக்குக்கூடக் கல்லூரியில் பணம் பெயரவில்லை. "வேறு வேலை பார்" என்கிறார் அப்பா. விட்டுவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: வேண்டாம்மா, விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பாட் சம்மிட் ஞாபகம்தான் வந்தது. 1974-ல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குக் கோச் ஆனபோது அவருக்கு 22 வயது. அணியில் சிலர் அவரைவிட ஒரே வயதுதான் இளையவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். வேனை ஓட்டுவது அவர்தான். ஆட்டம் முடிந்ததும் வியர்வை ஜெர்ஸிகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைப்பதும் அவர்தான். அந்த ஜெர்ஸிகளே டோனட் விற்ற காசில் வாங்கியவை. முதல் ஆட்டம் 84-83, ஒரு புள்ளியில் தோல்வி.

கண்டிப்பு காட்டப்போய் அவரும் சறுக்கியிருக்கிறார். ஆள் தேர்வு நாளன்று விடாமல் ஓடவிட்டதில், நாலு பெண்கள் ஓடிய ஓட்டத்திலேயே கதவைத் தாண்டிப் போய்விட்டார்கள். திரும்பி வரவே இல்லை!

முதல் தேசியப் பட்டம் 1987-ல்தான் கிடைத்தது, அவருடைய 13-வது சீசனில். 38 சீசன்களில் மொத்தம் 8 பட்டம், 1,098 வெற்றி. 2011-ல் அல்சைமர் நோய் என்று தெரிந்த பிறகும் ஒரு சீசன் அணியோடு இருந்தார். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது அவர் வைத்திருந்த ஒரு விதி: அணிப் பெண்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும், வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது. தம் ஆட்டக் காலத்தை டென்னசியிலேயே முடித்த அத்தனை பெண்களும் பட்டதாரி ஆனார்கள்.

நீங்களும் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்கா என்றே கூப்பிடட்டும், அதில் உங்கள் மரியாதை குறையாது. ஆனால் நாலரை மணி பிராக்டிஸ் என்றால், இரண்டே பேர் வந்திருந்தாலும் நாலரைக்கு விசில் ஊதுங்கள். தாமதமாக வருபவருக்கு அடுத்த ஆட்டத்தின் முதல் ஐவரில் இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாமதமாக வந்தவர் அணியிலேயே நன்றாக ஆடும் பெண்ணாக இருந்தாலும் உட்காரவையுங்கள். அன்றைக்குத் தோற்றாலும் பரவாயில்லை.

ஜெர்ஸிக்கு வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். எத்தனை செட், என்ன விலை, எந்தப் போட்டிக்கு என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

அப்பாவிடம் கோபப்படாதீர்கள். பாட் சம்மிட்டின் அப்பா கறாரான விவசாயி, மகளைப் பாராட்டி ஒரு வார்த்தை லேசில் சொல்லமாட்டார். ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்றதும், அணி இருக்கும் ஊருக்குக் குடும்பத்தையே குடிமாற்றியவர் அவர். உங்கள் அப்பா இதுவரை பார்த்ததெல்லாம் நீங்கள் சோர்ந்துபோய் வீடு திரும்புவதைத்தான். ஒருநாள் சாயங்காலம் மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். அந்தப் பெண்கள் 'அக்கா' என்று ஓடி வருவதை அவரும் பார்க்கட்டும்.