சரக்கு கொடுத்தது மச்சினன்: பெயரைச் சொல்லலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் சின்னத் துணிக்கடை வைத்திருக்கிறேன். திருப்பூரில் மனைவியின் தம்பியிடம் பில் இல்லாமல் 180 கால்பந்து ஜெர்சி எடுத்தேன். ஒன்று 140 ரூபாய். 120-இல் ஒரு கிளப்பின் முத்திரை இருக்கிறது, 60 வெறும் மஞ்சள். ஆறு நாளுக்கு முன் போலீஸ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பறிமுதல் செய்ததை எழுதிய மலையாள மகஜரில் கையெழுத்துப் போட்டேன், எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. சரக்கு யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிடட்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. பேசாமல் இருக்க அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது, பொய் சொல்ல அல்ல. பார்சல் ஆபீஸ் ரசீது ஒன்று, போனில் பணம் அனுப்பிய கணக்கு ஒன்று போதும், அந்தப் பொய் உடைந்துவிடும். அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். போலிச் சின்னம் உள்ள பொருளை விற்பது வணிகச் சின்னச் சட்டம் 1999, பிரிவு 104-இல் வரும்: 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். யாரிடம் வாங்கினோம் என்பதைக் கேட்டதும் முழுசாகச் சொன்ன கடைக்காரருக்கு தண்டனையிலிருந்து தப்ப அதே பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. உறவு என்பதால் மனசு வலிக்கும், புரிகிறது. ஆனால் போலிச் சின்னத்தை அச்சடித்தவருக்குப் பிரிவு 103 தனியாக இருக்கிறது. உங்கள் மச்சினனும் தனக்கென ஒரு வக்கீலைப் பார்க்கட்டும். 'போலி என்று தெரியாது' என்ற வாதத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பில் இல்லாத 140 ரூபாய் ஜெர்சியைப் பார்த்துச் சந்தேகமே வரவில்லையா என்று நீதிபதி கேட்பார்.

இப்போது அவசரம் வேறு. பறிமுதல் ஆன 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டுச் சரக்கைத் திரும்பக் கேட்கலாம். உங்களுக்கு இன்னும் 9 நாள்தான். முத்திரை இல்லாத அந்த 60-ஐத் தனியாகக் கேளுங்கள். வெறும் மஞ்சள் நிறம் பொதுவாக யாருக்கும் சொந்தமில்லை. மகஜரில் 180-ஐயும் ஒரே வரியில் 'போலி' என்று எழுதியிருக்கலாம். நகல் வாங்கி, மலையாளம் தெரிந்தவரை வைத்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.

அப்புறம், எப்.ஐ.ஆரில் எந்தச் சட்டம் என்று பாருங்கள். வணிகச் சின்னச் சட்டம் என்றால் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவர்தான், அதுவும் வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தைப் பெற்ற பிறகே, வாரண்ட் இல்லாமல் பறிமுதல் செய்யலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957 என்றால் எஸ்.ஐ.யே போதும். கடைக்கு வந்தவர் யார் என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துக்கொண்டு, நாளைக்கே பாலக்காடு மாவட்டச் சித்தூர் கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.