எல்லை தாண்டினால் பெர்மிட் செல்லுமா? மின்பணி உரிமம் குறித்த கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராகப் பணி செய்து வருகிறேன். எங்கள் ஊரில் ஒரு தெருவில் கடன் பேசி அடுத்த தெருவில் சரக்கு வாங்குவதைப் போல, மாநில எல்லையைக் கடப்பது அன்றாட வழக்கம். ஆனால் மின்பணி உரிமம் அவ்வளவு எளிதாக எல்லை கடப்பதில்லை. இரு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஒயர்மேன்: அண்ணா, என்னிடம் தமிழ்நாட்டு வாரியம் கொடுத்த தகுதிச் சான்று இருக்கிறது. எல்லையில் உள்ள கோபாலபுரம் தாண்டி, கேரளப் பக்கம் மூன்று வீடுகளுக்கு ஒயரிங் பேசியிருக்கிறேன். செய்யலாமா?

தம்பி, இப்போதைக்குச் செய்ய வேண்டாம். மின்சாரச் சட்டம் 2003இன் கீழ் மத்திய மின்சார ஆணையம் வகுத்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் (முதலில் 2010, அதற்குப் பதிலாக இப்போது 2023) நுகர்வோர் இடத்தில் நடக்கும் மின்பணிக்கு மூன்று பேரைக் கேட்கின்றன. மாநில அரசு உரிமம் வழங்கிய ஒப்பந்தக்காரர் ஒருவர், தகுதிச் சான்று பெற்று நேரடியாக மேற்பார்வையிடும் சூப்பர்வைசர் ஒருவர், பெர்மிட் பெற்று வேலை செய்யும் ஒயர்மேன் ஒருவர். இதில் ஒயர்மேன் பெர்மிட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அது மாநில அரசு ‘வழங்கியதாகவோ அங்கீகரித்ததாகவோ’ இருக்க வேண்டும் என்கிறது விதி. உங்களுக்கான வழி அந்த ‘அங்கீகரித்த’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. பெர்மிட்டின் இடத்தில் நிற்கும் உங்கள் சான்றை வழங்கியது கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். நீங்கள் வேலை செய்யப்போகும் வீடுகளோ திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரள மாநில மின் உரிம வாரியத்தின் எல்லைக்குள் வருகின்றன. ஆகவே அங்கே எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கம்பியைத் தொடுங்கள்.

இங்குள்ள உரிமதாரர் ஒருவரோடு சேர்ந்துகொண்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அவருடைய உரிமம் ஒப்பந்தக்காரரின் இடத்தை நிரப்புமே தவிர உங்கள் பெர்மிட்டின் இடத்தை நிரப்பாது. பேசிய வீட்டுக்காரர்களிடம் உண்மையைச் சொல்லி வேலையை உள்ளூர்க்காரர் ஒருவருக்கு விட்டுக் கொடுப்பதுதான் மரியாதை.

கொழிஞ்சாம்பாறை இல்லத்தரசி: ஸ்விட்ச் மாற்றக்கூட உரிமம் பெற்றவரைத்தான் கூப்பிட வேண்டுமா ஐயா?

வேண்டியதில்லை அம்மா. பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றை, மின் அமைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றி வைப்பதற்கு விதியே விலக்கு அளிக்கிறது. பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பது இந்த விலக்குக்குள் வரும். ஏசிக்காகப் புதிதாக ஒரு லைன் இழுப்பது வராது, ஏனென்றால் அங்கே சுமை கூடுகிறது. எதுவானாலும் மெயினை அணைத்துவிட்டு டெஸ்டரால் பார்த்த பிறகு கையை வையுங்கள்.

சித்தூர் தாலுகாவிலிருந்து ஓர் இளைஞர்: வேலை எல்லாம் நான் செய்கிறேன். ஒரு கான்ட்ராக்டரிடம் பணம் கொடுத்தால் வேலை முடிந்ததற்கான சான்றில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். எல்லாரும் செய்வதுதானே?

எல்லாரும் செய்வதில்லை, செய்கிறவர்கள் அதை வெளியில் பேசுவார்கள், செய்யாதவர்கள் பேசாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். இந்தக் கையெழுத்து வாடகையைப் போல எங்கள் தொழிலைக் கெடுத்தது வேறொன்றும் இல்லை என்பது என் எண்ணம். நானும் தொழில் பழகிய காலத்தில், வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு மேசை இழுப்பறையில் கட்டாக வைத்திருந்த ஒருவரிடம் வேலை பார்த்தவன். பரிசோதனை அளவுகளை அவருடைய மேசையில் உட்கார்ந்து நானே எழுதி நிரப்பியிருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ள இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கையெழுத்து எதற்கு ஈடாக நிற்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். இணைப்புக்கு முன் ஒவ்வொரு மின்கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் கொடுத்து, மின்காப்புத் தடை (கம்பியின் உறை மின்கசிவைத் தடுக்கும் அளவு) குறைந்தது 1 மெகாஓம் இருக்கிறதா என்று மெகர் என்ற கருவியால் அளக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், பெயின்ட் வாசனை போகாத ஒரு புது வீட்டில் மெகரைச் சுற்றினேன். முள் 0.2இல் போய் நின்றது. ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தானியங்கி ஸ்விட்சான எம்சிபியை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிரித்துப் பார்த்தபோது, வீட்டுக்குள் இருந்த லைன்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. வாசல் கேட் தூண் விளக்குக்குப் போன லைன் மட்டும் முள்ளைக் கீழே இழுத்தது. தூணின் அடியில் பைப்பைத் திறந்தால் அரை டம்ளர் மழைத்தண்ணீர். அதற்குள் ஒட்டுப்போட்ட கம்பி, மேலே சுற்றிய இன்சுலேஷன் டேப் பசை விட்டு வாழை நாரைப் போல அவிழ்ந்து கிடந்தது. அந்த இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு ஆடுவதற்கு அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். கையெழுத்தை வாடகைக்கு விட்டவர் அந்தத் தூணைப் பார்த்திருக்கவே மாட்டார்.

உங்களுக்கு வேலை தெரியும் என்றால் பெர்மிட் தேர்வு எழுதுங்கள். அதுவரை, வேலையிடத்துக்கு நேரில் வந்து நிற்கிற சூப்பர்வைசர் இருக்கும் ஒருவரிடம் சேருங்கள். தேர்வுக்கான அனுபவமும் அங்கேதான் கிடைக்கும்.

மீனாட்சிபுரம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்: என் தென்னந்தோப்பு எல்லைக்கு இருபுறமும் இருக்கிறது. சர்வீஸும் போர்வெல்லும் தமிழ்நாட்டுப் பக்கம். கேரளப் பக்கத்து மோட்டாருக்கு அங்கிருந்து கேபிள் இழுத்துக்கொள்ளலாமா? நிலம் என்னுடையதுதான்.

நிலம் உங்களுடையது, மின்சாரம் அப்படியல்ல. எந்த இடத்துக்கென்று இணைப்பு அனுமதிக்கப்பட்டதோ அதைத் தவிர வேறிடத்தில் பயன்படுத்துவதை, மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அங்கீகாரமற்ற பயன்பாடு என்றே வகைப்படுத்துகிறது. அதிலும் தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம் என்பதால், அதை எல்லைக்கு வெளியே கொண்டுபோனால் கேள்வி இன்னும் கடுமையாக வரும். உரிமம் பெற்ற எந்த ஒப்பந்தக்காரரும் இந்தக் கேபிளுக்குக் கையெழுத்திடக் கூடாது. இடுகிறேன் என்று சொல்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். தண்ணீரை வேண்டுமானால் பைப்பில் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள், அது என் துறைக்கு வெளியே உள்ள கேள்வி. இல்லையென்றால் கேரளப் பக்கத்துக்கு மின்வாரிய செக்‌ஷன் அலுவலகத்தில் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். இங்கே விவசாய இணைப்புக்கான சலுகை கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) வழியாக வருகிறது, ஆகவே அங்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். மும்முனை மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருக்க வேண்டும். தோப்புகளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் மட்டை விழுந்து அறுந்திருக்கும். உங்கள் பழைய மோட்டாரை இன்றே போய்ப் பாருங்கள்.

கோயில் விழாக் கமிட்டிச் செயலாளர்: மாரியம்மன் திருவிழாவுக்குத் தெரு முழுக்க சீரியல் லைட் கட்டுகிறோம். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் மின்வாரியத்துக்குப் போக வேண்டியதில்லை அல்லவா?

மின்வாரியத்தின் கம்பியைத் தொடாவிட்டாலும் சட்டம் உங்களைத் தொடும். தெருவிலோ, நூறு பேருக்குக் குறையாமல் கூடக்கூடிய இடத்திலோ 250 வாட்டுக்கும் 100 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்தைப் பயன்படுத்துவதற்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக மின் ஆய்வாளருக்கும், மாவட்ட ஆட்சியர் அல்லது போலீஸ் கமிஷனருக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. காப்புக் கட்டிய பிறகு ஓடாமல், கமிட்டி கூடி நோட்டீஸ் அச்சடிக்கும் நாளிலேயே இந்தக் கடிதத்தையும் எழுதிவிடுங்கள். ஒலிபெருக்கிக் கடைக்காரரின் பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான் என்று விடாமல், உரிமம் பெற்ற ஒருவரிடம் வேலையைக் கொடுத்து, பந்தலுக்குப் போகும் லைனில் மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள். இரும்புக் கம்பத்தில் சீரியல் லைட்டைச் சுற்றுவதை நான் எங்கே பார்த்தாலும் அவிழ்க்கச் சொல்கிறேன், அதற்காகச் சில கமிட்டிகளில் எனக்குப் பகை உண்டு.

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர்: தமிழில் படித்தவன் நான், மலையாளம் எழுத வராது. விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கலாமா?

தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுதுவதற்கு 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. கடிதத்தைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் பேச்சு மலையாளத்தோடு எழுத்தையும் கற்றுக்கொள்வது வேலையிடத்தில் உதவும். எச்சரிக்கைப் பலகையை வாசிக்கத் தெரியாதவன் மின்பணி செய்யக் கூடாது என்பேன்.

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்த பெண்: பெண்களுக்குப் பெர்மிட் கிடைக்குமா சார்?

கிடைக்கும். விதி தகுதியைத்தான் கேட்கிறது, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. விண்ணப்பியுங்கள் மகளே.

சித்தூரிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர்: எனக்கு எந்த அலுவலகம்?

உங்கள் கடிதத்தைப் பாதி வாசித்த பிறகுதான், நீங்கள் எங்கள் சித்தூர் இல்லை, ஆந்திரத்துச் சித்தூர் என்று புரிந்தது. மூன்று பேர் வேண்டும் என்ற விதி மத்திய ஒழுங்குமுறை என்பதால் அங்கேயும் அதேதான். உரிமம் வழங்குவது மட்டும் ஆந்திர அரசின் மின் உரிம வாரியம். திருத்தணிப் பக்கம் வேலை எடுப்பதானால் முதல் கேள்விக்கான பதிலை எல்லையைத் திருப்பிப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் என்பதால் உங்களுக்குத் தமிழ்நாட்டு உரிமமே வேண்டும்.

கடைசியாக, பெயர் சொல்லாமல் ஒருவர்: பெர்மிட் தேதி முடிந்து நான்கு மாதம் ஆகிறது. கையில் வேலை இருக்கிறது.

வேலையை நிறுத்துங்கள், புதுப்பிக்க இன்றே விண்ணப்பியுங்கள். காலாவதியான பெர்மிட்டோடு செய்த வேலையில் விபத்து நடந்தால், பெர்மிட்டே இல்லாதவர் செய்த வேலையாகத்தான் அதைப் பார்ப்பார்கள். என்னுடைய முடிவுத் தேதியை மெகர் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டியிருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.