முகத்தைத் திருப்பினால் கண் கோணுவது பற்றி

வரையும்போது நேரான முகம் நன்றாக வருகிறது, லேசாகத் திருப்பினால் கண்கள் கோணிவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். கண்ணிலிருந்து வரையத் தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு பந்து வரைந்து, பக்கவாட்டைக் கொஞ்சம் சீவிவிட்டு, கீழே தாடையைச் சேருங்கள். நெற்றியிலிருந்து மூக்கு வழியாக முகவாய்க்கு இறங்கும் நடுக்கோட்டை, முகம் திரும்பும் பக்கமாக வளைத்துப் போடுங்கள். கண்கள் அமையும் குறுக்குக்கோடு உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் கிட்டத்தட்டப் பாதியில் வரும். புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் அதை மேலே ஏற்றி, நெற்றியைச் சுருக்கிவிடுவார்கள். தள்ளியிருக்கும் கண் அகலம் குறைந்து தெரிய வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் முகம் தட்டையாகிவிடும்.

உடம்பு அப்புறம். மார்புக்கூடு முட்டை, இடுப்பு பெட்டி, கைகால் உருளை, மொத்த உயரம் தலையின் உயரத்தைப் போல் சுமார் 7.5 மடங்கு, இப்போதைக்கு இது போதும்.

தினமும் பந்தையும் தாடையையும் மட்டும் பல கோணங்களில் வரையுங்கள். அந்தக் கோடுகளை அழிக்காமல் ஒரு படம் போடுங்கள், எங்கே பிசகுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.