முதல் 72 மணி நேரம், அப்புறம் நீதிமன்றம்: கேள்வி-பதில்

போர் ஓய்ந்த நாடுகளில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

பாதிக்கப்பட்டவர் போலீஸ் புகார் இல்லாமல் நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டார். சிகிச்சை தரலாமா?

தரலாமா என்ன, தந்தே ஆகவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம் வரை அவகாசம் உண்டு, ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஸ்டேஷனில் சீட்டு வாங்கி வா என்று திருப்பி அனுப்பினால், அந்த ஸ்டேஷன் எவ்வளவு தூரமோ, அங்கே உட்கார்ந்திருப்பவர் போன வருஷம் எந்தப் படையில் இருந்தாரோ, பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் திரும்பி வரமாட்டார். மருத்துவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கும் நாடென்றால், பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கும் முன்பே அவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

உடைகளைக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். இன்னொன்று: 'இரு விரல்' சோதனை, அதாவது பெண்ணுறுப்பில் விரல் விட்டு அவர் ஏற்கெனவே உறவு கொண்டவரா என்று பார்ப்பது. அதற்கு மருத்துவ அடிப்படையே இல்லை, தடை செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-லேயே சொல்லிவிட்டன. உங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் இருந்தால் அடித்துவிடுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் பணம் வாங்கிக்கொடுத்து, சில நேரம் செய்தவனுக்கே கட்டிவைத்து முடித்துவிடுகிறார்கள். என்ன செய்ய?

அவர்களோடு சண்டைக்குப் போய்ப் பயனில்லை. நீதிமன்றமே இல்லாத வருஷங்களில் வழக்கு தீர்த்தவர்கள் அவர்கள்தான். காணித் தகராறு, கடன் எல்லாம் பேசட்டும், பலாத்காரம் மட்டும் சபைக்கு வராது என்று அவர்கள் வாயாலேயே ஊருக்குச் சொல்ல வையுங்கள். கூடவே அந்தக் குடும்பம் ஏன் பணத்துக்குச் சம்மதித்தது என்றும் கேளுங்கள். பஸ் செலவு, வாய்தா நாளில் போகும் கூலி, பக்கத்து வீட்டிலேயே குற்றவாளி. இதற்கு வழி செய்யாமல் உபதேசம் செய்தால் யார் கேட்பார்கள்?

சட்டத்தைக் கடுமையாக்கினால் குறையாதா?

லைபீரியாவைப் பாருங்கள். 2003-ல் போர் முடிந்தது, சில வருஷங்களிலேயே பலாத்காரச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2008-ல் பாலியல் குற்றங்களுக்கென்றே தனி நீதிமன்றத்துக்குச் சட்டம் போட்டார்கள். அது இயங்கியது தலைநகர் மன்ரோவியாவில். மழைக்காலத்தில் ரோடே துண்டிக்கப்படும் மாவட்டத்துக்காரர் அங்கே எப்படிச் சாட்சி சொல்லப் போவார்? ருவாண்டா 2009-ல் தொடங்கிய இசாங்கே மையங்களில் மருத்துவர், ஆலோசகர், போலீஸ் மூவரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். பணம் கொஞ்சம்தான் என்றால் நான் முதலில் செலவழிப்பது இதற்குத்தான்.

ஆண்களுக்கும் நடக்குமா?

நடக்கும், தடுப்புக்காவலில் குறிப்பாக. முன்னாள் யூகோஸ்லாவியப் போர்க் குற்றங்களுக்காக ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தின் முதல் வழக்கிலேயே அது வந்தது. உங்கள் மையத்தின் பெயர்ப்பலகையில் 'மகளிர்' என்று மட்டும் இருந்தால் அவர்கள் உள்ளே வரமாட்டார்கள்.

அறிக்கைக்காக வாக்குமூலம் சேகரிக்கிறோம். யாரிடம் கேட்பது?

ஏற்கெனவே யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். சொல்லியிருந்தால் அவர் சம்மதத்தோடு அந்தப் பதிவை வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸ், வக்கீல், நிருபர், தொண்டு நிறுவனம் என்று ஐந்தாவது முறை அழவைக்க வேண்டாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் தகவல் சேகரிப்பவர்களுக்காக 2022-ல் வெளியான முராத் நடத்தை விதிகள் வலியுறுத்துவதும் ஏறக்குறைய இதைத்தான். மருந்துக்கோ ஆலோசனைக்கோ அனுப்ப உங்கள் கையில் ஓர் இடம்கூட இல்லையென்றால், அந்தப் பேட்டியை எடுக்காதீர்கள்.